இரவல் மணிக்கட்டு

கடையில் என் மேசையின் கடைசி இழுப்பறையில், லென்ஸ் துடைக்கும் மஞ்சள் துணியில் சுற்றி ஒரு கைக்கடிகாரம் இருக்கிறது. நீல முகப்பு, எஃகுப் பட்டை. பட்டையில் கொக்கிக்குப் பக்கத்து இரண்டு கண்ணிகள் மட்டும் கறுத்திருக்கும். தேய்த்தால் போய்விடலாம், நான் தேய்த்துப் பார்த்ததில்லை. என் கல்யாணத்துக்கென்று மச்சான் வாங்கிய கடிகாரம் அது. மேற்குத் தாம்பரத்தில், மார்க்கெட் சந்துக்குள் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன் நான். சின்னத் திருகாணி தேடி இழுப்பறையைத் துழாவும்போது அந்தத் துணி கையில் தட்டுப்படும். உடனே மூடிவிட்டு, எதிரே நிற்பவரிடம் "நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிடுவேன். ஒரு திருகாணிக்கு ஆளை இரண்டு நாள் அலையவிடுகிற கடைக்காரன் என்று சந்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும்.

மச்சான் என்றால் என் அக்காவின் கணவர். நான் அவரை மச்சான் என்பேன், அவரும் என்னை மச்சான் என்பார், எங்களுக்குள் பதினொரு வயது வித்தியாசம். வளைகுடாவில் ஏசி மெக்கானிக்காக இருந்தார். மொட்டைமாடி மொட்டைமாடியாக ஏறி, வெயிலில் நின்று, அடுத்தவன் அறையைக் குளிரவைப்பதே அவர் பிழைப்பு. அப்படிப்பட்ட மனிதருக்குக் குளிர் ஆகாது. விடுமுறைக்கு வந்தால் மின்விசிறியை இரண்டுக்கு மேல் வைக்க விடமாட்டார். மார்கழியில் காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஏசி மெக்கானிக் வீட்டில் ஏசி இல்லை என்று அக்கா குத்திக்காட்டினால், "ஊருக்கு குளிரு வுட்றவன் நானு, எனக்கு இன்னாத்துக்குடீ அது?" என்பார். அவருடைய இடது கைக் கட்டைவிரலின் அடியில், செம்புக் குழாயைப் பற்றவைக்கும்போது சுட்டுக்கொண்ட தழும்பு ஒன்று புளியங்கொட்டை அளவுக்கு இருந்தது. இதை இப்போது நிதானமாக எழுதுகிறேன். நினைவுக்கு வரவேண்டிய நேரத்தில் வரவில்லை.

எங்கள் வீடு பொழிச்சலூரில். வருடத்தில் பெரும்பாலான நாட்கள் விமானங்கள் பரங்கிமலைப் பக்கமாக வந்து இறங்கும். வடகிழக்குக் காற்று அடிக்க ஆரம்பித்தால் எங்கள் பக்கமாக வரும், சக்கரம் விரிந்திருப்பது வரை மாடியிலிருந்து தெரியும். மச்சான் வருகிற நாளில் காற்று எப்படி அடித்தாலும் அக்காவுக்கு ஒரு வழக்கம் உண்டு. மொட்டைமாடிக் கொடியில் பச்சைப் போர்வை ஒன்றை விரித்துப் போடுவாள். அவர் ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து அதைப் பார்ப்பார் என்பது ஏற்பாடு. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும் முன்னே "போர்வையப் பாத்தேன்" என்று சொல்லிவிடுவார். ஒருமுறை என்னிடம் மட்டும் உண்மையைச் சொன்னார். "ஒரு தபாகூட பாத்ததில்லடா மச்சான். மேலேர்ந்து பாத்தா எல்லாம் வாட்டர் டேங்கும் தகர ஷீட்டும்தான். அவகிட்ட சொல்லிடாத." நான் சொல்லவில்லை. ஆளைச் சந்தோஷமாக வைத்திருக்கிற பொய் ஒரு தப்பே இல்லை என்று அந்த வயதில் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் வட்டத்தில் இன்னொரு வழக்கமும் இருந்தது. வெளிநாட்டில் ஓர் அறையில் எட்டுப் பேர் இருந்தால், ஊருக்குப் போகிற ஒருவன் மற்ற ஏழு பேர் வீட்டுக்கும் பொருள் கொண்டு போவான். பெட்டியில் வைத்தால் எடை கூடும், தொலைந்தும் போகும். அதனால் விலையுள்ள பொருளை உடம்பில் போட்டுக்கொண்டு வருவார்கள். தன் உடம்பில் இடம் போதாவிட்டால் அதே விமானத்தில் வருகிற இன்னொருவனிடம் கொடுத்துப் போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். ஊர் தெரியாது, பேர் சரியாகத் தெரியாது, ஆனாலும் கொடுப்பார்கள். மீனம்பாக்கத்தில் வெளியே வந்ததும் அவன் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போவான். நானே பார்த்திருக்கிறேன். ஒருமுறை மச்சானை அழைக்கப் போயிருந்தபோது, முன்பின் தெரியாத ஒருவர் தள்ளுவண்டியை நிறுத்திவிட்டு, மணிக்கட்டிலிருந்து கடிகாரத்தைக் கழற்றி மச்சான் கையில் வைத்துவிட்டு, "வர்றேன் பாய்" என்று நடந்துவிட்டார். "யாரு மச்சான் அது?" என்றேன். "யாருக்குத் தெரியும்? நல்ல மனுஷன்" என்றார். அந்த இரவல் மணிக்கட்டை என் இரண்டு கண்ணால் பார்த்தவன் நான்.

என் நிக்காஹ் முடிவானபோது மச்சானுக்கு விடுமுறை கிடைக்கவில்லை. அடுத்த வருடம்தான் வரமுடியும், நீங்கள் நடத்திவிடுங்கள் என்றார். "நீங்க வராம எனக்குக் கல்யாணம் வேணாம்" என்று அடம்பிடித்தேன். என் அப்பா, நாங்கள் அழைக்கிறபடி அத்தா, இறந்த பிறகு எனக்குக் கடை வைத்துக் கொடுத்தவர் அவர். அவர் இல்லாமல் மேடையில் உட்காருவது எனக்கு மரியாதையாகப் படவில்லை. மேலாளரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, மச்சான் பதினைந்து நாள் வாங்கினார். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு வீடியோவில் கூப்பிட்டுக் கடிகாரத்தைக் காட்டினார். நீல முகப்பைக் கேமராவுக்கு இப்படியும் அப்படியும் திருப்பினார். "மாப்பிள வாட்ச். பெட்டில வெக்க மாட்டேன், கைல கட்டிக்கினுதான் வருவேன்" என்றார். அந்த ஒரு வாக்கியம் என் மண்டையில் ஆணி அடித்தது போல உட்கார்ந்துவிட்டது.

கிளம்புகிற அன்று காலை குரல் செய்தி ஒன்று அனுப்பியிருந்தார். அப்போது கடையில் ஒரு பெரியவருக்குக் கண்ணாடி பொருத்திக்கொண்டிருந்தேன். ஒரு கையால் செய்தியை ஓடவிட்டேன். "மச்சான், ஒரு பேஜாரு. நம்ம ரூம்காரன் ஒருத்தன் அவன் தம்பிக்குன்னு ஒரு வாட்ச் குடுத்துட்டான்..." என்று ஆரம்பித்தது. அதற்குள் பெரியவர் காதுக்குப் பின்னால் குத்துகிறது என்றார். செய்தியை நிறுத்திவிட்டுக் கம்பியை வளைக்கப் போனேன். மீதியை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன், ஆள்தான் நேரிலேயே வரப்போகிறாரே.

அன்று மதியத்திலிருந்து மழை. குன்றத்தூர்ப் பக்கம் வானம் அடுப்புக்கரி போலக் கிடந்தது. காற்று வடகிழக்கிலிருந்து அடித்ததால் விமானங்கள் எங்கள் பக்கமாகத்தான் வந்துகொண்டிருந்தன. அக்கா போர்வையை விட்டுக்கொடுக்கவில்லை. மழையில் கொடியில் போட்டால் நிற்காது என்று தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக் கட்டினாள். நானும் அவளும் ஒரே குடைக்குள் நின்றோம். அவள் மகள் படிக்கட்டு வாசலில் நின்று, "அத்தாவோடதா? இது அத்தாவோடதா?" என்று ஒவ்வொரு சத்தத்துக்கும் கேட்டாள். நேரத்தை வைத்துப் பார்த்து அவருடையதுதான் என்று நாங்கள் முடிவு செய்த விமானம் மேகத்துக்குள்ளேயே எங்கள் தலைக்கு மேல் வந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை. இறங்குகிற சத்தம் திடீரென்று மாறி, ஏறுகிற சத்தமாகிப் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்தது, மறுபடியும் ஏறியது. "எறங்க முடியல போல. பொறுமையா வரட்டும்" என்று சொல்லிவிட்டு அக்கா போர்வையின் முடிச்சை இறுக்கினாள். மூன்றாவது முறை சத்தம் வரவில்லை. சோறு ஆறிவிடும் என்று அக்கா கீழே போனாள்.

வேறோர் ஊருக்குத் திருப்பிவிட்டார்கள். அந்த ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. அந்த ஊர் பாவம், அதுவும் மழையில்தான் நின்றது. அங்கே இறங்கும்போது விமானம் ஓடுபாதையில் நிற்காமல் வழுக்கிப் போய், சுவரை உடைத்துக்கொண்டு பள்ளத்தில் விழுந்து தீப்பிடித்தது. முன்பக்கம் இருந்தவர்கள் சிலர் பிழைத்தார்கள். தொலைக்காட்சியில் அதைப் பார்த்தபோது அக்கா என் தோளைப் பிடித்து, "முன்னாடிதான் சீட்டு கேட்டு வாங்குவாரு" என்றாள். நான் ஆமாம் என்றேன். மச்சான் எப்போதும் கடைசி வரிசையில் உட்காருவார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் அவள் சொன்னாள், தெரிந்துகொண்டேதான் நானும் தலையாட்டினேன். ஜமாஅத்தில் இரண்டு பெரியவர்கள் வேன் ஏற்பாடு செய்தார்கள். வண்டி கிளம்பும்போது அக்கா ஜன்னலுக்குள் கையை விட்டு என் சட்டையைப் பிடித்து, "நல்லாப் பாத்து கூட்டிக்கினு வா" என்றாள்.

விடிந்ததும் போய்ச் சேர்ந்தோம். ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்களைப் போல நிறையப் பேர். பிழைத்தவர்கள் பட்டியலில் அவர் பெயர் இல்லை. பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். முகம் பார்க்க முடியாது என்று முன்கூட்டியே சொன்னார்கள். எண் கட்டிய வெள்ளைத் துணிகளுக்கு நடுவே நடந்தேன். ஓர் இடத்தில், துணிக்கு வெளியே ஒரு இடது கை கிடந்தது. கறுத்துப் போன கை. அதில் நீல முகப்பு. "இவர்தான்" என்றேன். பக்கத்தில் இருந்த அதிகாரி நல்ல மனிதர். வீட்டுப் பிள்ளையின் ரத்தம் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம், ஒரு வாரம் ஆகும், காத்திருக்க முடியுமா என்று கேட்டார். எங்களில் மௌத்தான உடலை அவ்வளவு நாள் போட்டுவைக்க மாட்டோம், எவ்வளவு சீக்கிரம் மண்ணுக்குக் கொடுக்கிறோமோ அவ்வளவு நல்லது என்று பெரியவர் ஒருவர் சொன்னார். அவரைக் குறை சொல்லமாட்டேன். குழந்தைக்கு ஊசி குத்த வேண்டாம் என்று நினைத்தேன். அதைவிடப் பெரிய காரணம், அந்த அறைக்குள் இன்னொரு முறை வர எனக்குத் தெம்பில்லை. "தேவையில்ல சார், எனக்கு நிச்சயமாத் தெரியும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்குப் புத்தியே இல்லை.

கடிகாரத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். உடலை ஆணி அடித்த பெட்டியில் கொடுத்து, திறக்கக் கூடாது என்றார்கள். பல்லாவரத்தில் பெட்டியோடு இறுதித் தொழுகையான ஜனாஸா தொழுது அடக்கம் செய்தோம். தெருவே வந்தது. அக்கா இத்தாவில் உட்கார்ந்தாள். கணவனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே வராமல் இருப்பது எங்கள் முறை. முதல் மூன்று நாள் அவள் தூங்கவில்லை. நான்காம் நாள் அசந்து தூங்கினாள். எழுந்து, "பக்கத்துலதான இருக்காரு. இத்தன வருஷமும் கடல் தாண்டி இருந்தாரு. இப்ப பல்லாவரம்தான" என்றாள். அந்த ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டு அவள் கஞ்சி குடித்தாள். மகளுக்குத் தலை பின்னினாள். அவரைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டேன் என்பதில் எனக்கும் ஒரு சின்ன நிம்மதி இருந்தது. கடிகாரத்தை அவளிடம் நீட்டியபோது, உனக்கு வாங்கியது நீயே வைத்துக்கொள் என்றாள்.

எட்டாம் நாள் கடையைத் திறந்தேன். அன்றே ஒருவர் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், காக்கிச் சட்டை. கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். கண்ணாடி வாங்க வந்தவர் என்று நினைத்து நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. "பாய், என் தம்பியும் அந்த ஃப்ளைட்லதான் வந்தான். இன்னும் கெடைக்கல. அம்மாகிட்ட ரத்தம் எடுத்துக்கினு போயிருக்காங்க. சும்மா ஒக்காந்திருக்க முடியல, அதான் ஒவ்வொரு வூடா போய் எதுனா தெரியுமான்னு கேக்குறேன்" என்றார். அவர் தம்பி கடைசியாக அனுப்பிய படம் என்று போனை நீட்டினார். பத்திரிகையில் மச்சானின் படம் வந்திருந்ததால், தம்பியோடு நிற்பது அவர்தான் என்று கண்டுபிடித்து வந்திருக்கிறார். படத்தில் இரண்டு பேரும் காகிதக் கோப்பையில் டீ வைத்துக்கொண்டு நின்றார்கள். மச்சான் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் கையில் தங்க நிறத்தில் ஒரு கடிகாரம். அந்தத் தம்பி இடது கையைத் தூக்கிக் கட்டைவிரலைக் காட்டிக்கொண்டிருந்தான். அவன் மணிக்கட்டில் நீல முகப்பு.

போனைத் திருப்பிக் கொடுத்தேன். "எதுனா தெரியுமா பாய்?" என்று மறுபடி கேட்டார். தெரியாது என்றேன். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார், போன் நம்பர் எழுதி வைத்துவிட்டுப் போனார். கடையைப் பாதி இறக்கிவிட்டு, மச்சானின் குரல் செய்தியைத் தேடி எடுத்தேன். மச்சான் இறந்த பிறகு அந்தக் குரலைக் கேட்கத் துணிவில்லாமல், நிறுத்திய இடத்திலேயே விட்டு வைத்திருந்தேன். இப்போது மீதியை ஓடவிட்டேன். "...ரெண்டு கைலயும் ரெண்டு வாட்ச் கட்டிக்கினு வந்தா கோமாளி மாதிரி இருக்கும். இங்க ஒரு கேளம்பாக்கம் தம்பி கீறான், நல்ல பையன். உன் வாட்ச அவன் கைல கட்டி வுட்டுர்றேன். வெளிய வந்து அவன்கிட்ட வாங்கிக்கோ, இன்னா?" அந்த "இன்னா?"வுக்குப் பிறகு யாரோ பின்னால் சிரிக்கிற சத்தம். முடிந்துவிட்டது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பதை நான் ஆயிரம் பேரிடம் விளையாட்டாகச் சொல்லியிருக்கிறேன், இனிமேல் சொல்ல முடியாது.

நான்கு நாள் யாரிடமும் சொல்லவில்லை. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். அக்கா பிடித்துக்கொண்டிருந்த அந்த ஒரே கயிற்றை எப்படி அறுப்பது என்று காரணம் சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. என் கையெழுத்துக்கும் என் அவசரத்துக்கும் நான் பயந்தேன், அதுதான் மீதி. தினமும் பல்லாவரம் கபர்ஸ்தானுக்குப் போய் ஓதிவிட்டு வருவேன். யாருக்காக ஓதுகிறேன் என்று தெரிந்துகொண்டே ஓதினேன். வீட்டுக்கு வந்தால் "மண்ணு எறங்காம இருக்கா? மழை பேஞ்சுதே" என்று அக்கா கேட்பாள். நன்றாக இருக்கிறது என்பேன். போர்வையைப் பார்த்தேன் என்று மச்சான் சொன்ன பொய்க்குப் பின்னால், அவர் வீட்டுக்குள் வந்து நின்றதாவது உண்மையாக இருந்தது. என் பொய்க்குப் பின்னால் ஒன்றுமில்லை.

ஐந்தாம் நாள் காலை அந்த ஆட்டோக்காரர் போன் செய்தார். குரலில் உயிரே இல்லை. "பாய், அங்க இனிமே ஒரே ஒரு பாடிதான் கீதாம். எங்கம்மா ரத்தம் அதோட சேரலையாம். அப்ப என் தம்பி எங்க பாய்? எங்கதான் போயிருப்பான்?" என்று என்னைக் கேட்டார். கூப்பிடுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு நேரே அக்காவின் அறைக்குப் போனேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தரையில் அவள் எதிரே உட்கார்ந்து, "அக்கா, நாம அடக்கம் பண்ணது மச்சான் இல்ல" என்றேன். கடிகாரம், படம், குரல் செய்தி எல்லாவற்றையும் சொன்னேன். நான்கு நாளாகத் தெரியும் என்பதையும் சொன்னேன். கத்துவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். முறத்தைக் கீழே வைத்தாள்.

"அப்ப அவரு எங்க?"

"அங்கதான். அந்த ஆஸ்பத்திரிலயே."

"ஐஸ் பெட்டியிலயா?"

தலையை ஆட்டினேன்.

"அவருக்குக் குளிரு ஆவாதேடா" என்றாள். அதற்குப் பிறகுதான் அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. மனிதத் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடிவந்து பிடித்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். "மொதல்ல அந்த அம்மாகிட்ட போய்ச் சொல்லு. அப்பறம் அவரக் கூட்டிக்கினு வா."

தாம்பரத்திலிருந்து வண்டலூர் வழியாகக் கேளம்பாக்கம் போகிற பேருந்தில் ஏறினேன். கால்சட்டைப் பையில் கடிகாரம் இருந்தது. அந்த வீட்டில் ஆட்டோக்காரரும் அவர் அம்மாவும் மட்டும் இருந்தார்கள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்து, "நாலு நாளா தெரிஞ்சிக்கினே இருந்தியா?" என்று கேட்டார். ஆமாம்மா என்றேன். "எப்புடிப்பா சோறு எறங்குச்சி உனக்கு?" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். கடிகாரத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன், உங்கள் பிள்ளையின் கையில் கடைசியாக இருந்தது இது என்றேன். அதை எடுத்து மூடிய உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டார். நான் வாசல் தாண்டும்போது பின்னாலிருந்து கேட்டார்: "எடுத்துக்கினு போம்போது ஜனம் இருந்துச்சா?" தெருவே வந்தது அம்மா என்றேன்.

அக்கா மகளின் ரத்தம் அந்தக் கடைசி உடலோடு ஒத்துப்போனது. அதிகாரிகள் உத்தரவு வாங்கினார்கள். ஒரு காலை நேரத்தில், தாசில்தார் முன்னிலையில் கபரைத் தோண்டினார்கள். மழை ஈரத்தில் மண் சுலபமாக வந்தது. ஆட்டோக்காரர் சட்டையைக் கழற்றிவிட்டுத் தானும் கயிறு பிடித்தார். பெட்டி மேலே வந்ததும் அதன் மேல் ஒட்டியிருந்த மண்ணைத் துண்டால் துடைத்தார். வண்டி போகும்வரை நாங்கள் எல்லோரும் நின்றோம். மூன்றாம் நாள் மச்சான் வந்தார், அவருக்கும் ஆணி அடித்த பெட்டிதான். வேறு இடம் பார்க்கலாமா என்று கேட்டார்கள். தோண்டியது தோண்டியபடி இருக்கட்டும் என்று அக்கா சொல்லியனுப்பினாள். அதே குழிதான். கட்டைவிரல் தழும்பை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு தவிப்பு எழுந்தது. பெட்டியைத் திறக்கக் கூடாதே. மண்ணைத் தள்ளினேன்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தபோது அக்கா கதவருகே வந்து நின்றாள். கோபமாகச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள். "ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டு வுட்ற. உனக்கு வாட்ச் தெரிஞ்சுதுடா, அவரு கை தெரியல." உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் தேவைக்கு மட்டும்தான் என்னோடு பேசினாள். எனக்குச் சோறு போடுவாள், துணி மடித்து வைப்பாள், முகத்தைப் பார்க்கமாட்டாள். அவளுடைய இத்தா முடிந்த பிறகு என் நிக்காஹ் பள்ளிவாசலில் பத்துப் பேரோடு நடந்தது. என் மணிக்கட்டு வெறுமையாக இருந்தது.

அதற்கு முன்பே, மச்சானை அடக்கம் செய்து இருபது நாள் இருக்கும், ஆட்டோக்காரர் மறுபடியும் கடைக்கு வந்திருந்தார். தம்பியின் காரியமெல்லாம் முடிந்துவிட்டது என்றார். சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து மேசை மேல் வைத்தார். வேண்டாம், அம்மாவிடமே இருக்கட்டும் என்று தள்ளினேன். "இல்ல பாய். அடுத்தவன் பொருளு, சேர வேண்டிய எடத்துல சேர்த்துடணும்னு அம்மா சொல்லிட்டாங்க. தம்பி ஒத்துக்கினு கட்டிக்கினு வந்தான் இல்ல? அவன் பேச்சு நிக்கணும்." கடிகாரத்தை என் பக்கம் நகர்த்தினார். "இன்னொண்ணும் சொல்லச் சொன்னாங்க. உங்க மேல மனசு ஆறலயாம். அதையும் மறைக்காம சொல்லிட்டு வான்னாங்க." சரி என்றேன். படியிறங்கும்போது, அன்று விமான நிலைய வாசலில் அந்த முகம் தெரியாத மனிதர் சொன்னது போலவே, "வர்றேன் பாய்" என்று சொல்லிவிட்டுப் போனார். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அழுதேன். அன்றைக்குத்தான் அந்த மஞ்சள் துணியில் சுற்றினேன்.

இதெல்லாம் நடந்து ஆறு வருடம் ஆகிறது. காற்று வடகிழக்குக்குத் திரும்பிவிட்டது, விமானங்கள் மறுபடியும் எங்கள் மாடிக்கு மேல் இறங்குகின்றன. மேகம் கவிந்த நாளில் சத்தம் மட்டும் வந்தால், எத்தனையாவது முறை என்று நான் எண்ண ஆரம்பித்துவிடுவேன், சத்தம் தணிந்து அடங்கும்வரை வேலை ஓடாது. இந்த மாதம் நானும் மனைவியும் மக்காவுக்கு, உம்ரா செய்யப் போகிறோம். என் வாழ்க்கையில் முதல் விமானப் பயணம். அக்காவுக்குச் சொன்னபோது "போயிட்டு வா" என்றாள், அவ்வளவுதான்.

போன வாரம், மழை விட்ட ஒரு சாயங்காலம், அவள் கடைக்கு வந்தாள். கடை வைத்த நாளிலிருந்து மூன்று முறைகூட வந்திருக்கமாட்டாள். வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து, "அந்த வாட்ச எடு" என்றாள். துணியைப் பிரித்துக் கொடுத்தேன். கறுத்த கண்ணிகளை விரலால் தொட்டாள். முள் எப்போதோ நின்றுவிட்டதையும் பார்த்தாள். திரும்பச் சுற்றி, தானே இழுப்பறையில் வைத்து மூடினாள். "இத கட்டிக்கினு போவாத" என்றாள். இல்லக்கா என்றேன். "எதையும் கட்டிக்கினு போவாத. யாரு எத குடுத்தாலும் வாங்காத." சரிக்கா.

பிறகு, படிப்பதற்கென்று நான் செய்து கொடுத்த கண்ணாடியைப் பையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டாள். "கைய காட்டு" என்றாள்.

எதற்கு என்று கேட்கவில்லை. லென்ஸில் கீறல் பார்க்கிற விளக்கைப் போட்டுவிட்டு, வலது கையை மேசை மேல் நீட்டினேன். அவள் அதைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆள்காட்டி விரலில் கண்ணாடி வெட்டிய கோட்டைத் தடவி, "இது எப்போ?" என்று கேட்டாள். கடை திறந்த வருடம் என்றேன். சுண்டு விரலின் வளைந்த நகத்தைப் பார்த்தாள். மணிக்கட்டுக்கு உட்புறம் இருக்கும் மச்சத்தை, அப்படி ஒன்று இருப்பதே எனக்கு மறந்திருந்தது, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, பாடம் மனப்பாடம் ஆன பிள்ளையைப் போலத் தலையை ஆட்டிக்கொண்டாள். வெளியே ஒரு விமானம் தாழப் போனது. அவள் தலையைத் தூக்கவில்லை. வலது கையை விட்டுவிட்டு இடது கையைக் கேட்டாள்.